பரதேசிக்கு வராத கண்ணீர்

'பரதேசி' படத்துக்கு எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை.

2013இல் வந்த படம். இலங்கை மலையகத்தில், எங்கள் ஹட்டன் பஸ் நிலையத்தை ஒட்டிய கடையொன்றில் தம்பி அதன் டிவிடியை வாங்கிவந்தான். "நம்முடைய கதை, பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்" என்று கடைக்காரர் சொல்லியனுப்பினாராம். எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. படத்துக்கு மூலமான நாவலை முன்பே படித்திருந்தேன். ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதியது, இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்தார். படிக்கும்போது சில இடங்களில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வாசலில் போய் நின்றிருக்கிறேன். அதையே பாலா படமாக எடுத்திருக்கிறார் என்றால், ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்த அம்மாவுக்கு என்ன ஆகுமோ!

அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கங்காணி ஆசைகாட்டி ஊரையே கூட்டிப்போகிறான், நாள்கணக்கில் நடத்தியே மலைக்குக் கொண்டுசேர்க்கிறான், அட்டை கடிக்கிறது, கொள்ளைநோய் வருகிறது, கணக்குப் பார்க்கிற நாளில் கூலி முழுதும் கடனுக்குச் சரியாகிவிடுகிறது. திரையில் இவ்வளவும் நடந்துகொண்டிருக்க, அம்மாவின் கண் கொழுந்து பறிக்கும் பெண்களின் விரல்களிலேயே இருந்தது. "இந்தப் பிள்ளை கொழுந்தா எடுக்கிறது? கிழட்டு இலையையும் சேர்த்தல்லவா உருவுகிறது. நிறுவைக்குக் கொண்டுபோனால் கணக்கப்பிள்ளை பாதியைத் தட்டிக் கொட்டிவிடுவார்" என்றார்.

அப்பா இன்னும் ஒரு படி மேலே. நடக்க முடியாமல் விழுந்துவிட்ட ஒருவனை வழியிலேயே விட்டுவிட்டுக் கூட்டம் நகர்கிற காட்சியில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் எழுந்தார். "இதைத்தான் எங்கள் அப்பாயி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது. இதைக் காசு கொடுத்து வேறு வாங்க வேண்டுமா?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார். அந்த அப்பாயி சொன்னது மன்னார்ப் பக்கம் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்களின் கதை. அவளும் நடந்தவள் அல்லள். அவளுக்கு முந்திய தலைமுறை நடந்தது. தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் அந்தப் பாதையில் காலராவிலும் காய்ச்சலிலும் ஆயிரக்கணக்கானவர்கள் விழுந்தார்கள். 2023இல், மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் என்று, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடியும் ஒரு நடைபயணம் போனார்கள். அப்பா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தாலும் போயிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

படத்தின் கடைசிக் காட்சி தெரிந்ததுதான். தப்பிக்கப் பார்த்ததற்காகக் கால் நரம்பு வெட்டப்பட்ட ராசா மலையில் கிடக்கிறான். அவனைத் தேடி மனைவியும் குழந்தையும் அதே தோட்டத்துக்கு வந்துசேர்கிறார்கள். அவன் கதறுகிறான். அதைப் பார்த்து அம்மா சொன்னது: "இனி அவளுக்கும் பேர் பதிந்துவிடுவார்கள். இரண்டு பேர் உழைத்தால் சமாளிக்கலாம்."

படம் மோசம் என்று சொல்லவரவில்லை. பாலா தன் பார்வையாளரின் பிடரியில் கைவைத்துக் கீழே அழுத்துகிற இயக்குநர். அதில் எனக்கு முழுச் சம்மதமில்லை, அது வேறு பேச்சு. எங்கள் வீட்டில் அன்று நடந்தது ஒருவகைப் பரீட்சைத் திருத்தம். தெரிந்த விஷயம் திரையில் வந்ததும் அம்மாவும் அப்பாவும் சரி, பிழை போடத் தொடங்கிவிட்டார்கள். சொந்தக் கதையைப் பார்ப்பவர்களுக்கு அழ நேரம் கிடைப்பதில்லை.

அதே வீடு 'மூன்றாம் பிறை'க்கு அழுது தீர்த்திருக்கிறது.

தோட்டத்தில் கலியாணம் என்றால், சடங்கு என்றால், டவுனிலிருந்து டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போடுகிற காலம் ஒன்று இருந்தது. கேஸட் வாடகை போக ஜெனரேட்டருக்கு எண்ணெய்க் காசும் திரட்ட வேண்டும். அப்படி ஓர் இரவில், பொகவந்தலாவைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசலில், சாக்கு விரித்து உட்கார்ந்து அம்மாயி அந்தப் படத்தைப் பார்த்தார். 1982இல் வந்த படம் எங்களுக்கு வந்துசேர மேலும் சில வருடங்கள் பிடித்தன. கடைசியில் கேத்தி ரயில் நிலையம். மழை. பழைய நினைவு திரும்பிய ஸ்ரீதேவி பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார். தன்னை அவள் அடையாளம் கண்டுகொள்ளட்டும் என்று கமல் குரங்கு சேட்டையெல்லாம் செய்துபார்க்கிறார். அவள் பிச்சைக்காரன் என்று நினைத்துவிடுகிறாள். இந்திய தேசிய விருது பெற்ற நடிப்பு. அம்மாயி கமலைப் பார்த்ததாகவே எனக்கு நினைவில்லை. "அது எந்த ஸ்டேஷன்? அங்கிருந்து கோத்தகிரி எவ்வளவு தூரம்?" என்று பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாயியின் தங்கை அங்கேதான் இருந்தார். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்கள்: எங்கள் ஆட்களில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே. ஒரே லயத்தில் ஒரு காம்பராவுக்கு (அறைக்கு) இந்தியக் கடவுச்சீட்டும் அடுத்த காம்பராவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் வந்தன. போகிறவர்களை ஏற்றிக்கொண்டு மலையிறங்கிய ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்றே சொன்னார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் ஒரு பகுதியினருக்கு நீலகிரியில், தமிழ்நாட்டு அரசு 1968இல் தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. கடல் தாண்டிப் போயும் கையில் வந்தது அதே கொழுந்துக் கூடை. சின்ன அம்மாயி கோத்தகிரியிலிருந்து கடிதம் போடுவார். பிறகு போடவில்லை.

ஆகவே அந்தக் காட்சியில் எங்கள் அம்மாயி தேடியது நடைமேடையில் போர்வை போர்த்தி நிற்கிற கூட்டத்துக்குள் ஒரு முகத்தை. கமல் விழுந்து விழுந்து நடித்துக்கொண்டிருந்ததெல்லாம் மறைப்பாக இருந்திருக்கும். கோச்சி நகர்ந்தபோது அம்மாயி போட்ட சத்தத்தில், படத்தைப் பார்க்காமல் கலியாண வேலை செய்துகொண்டிருந்தவர்களும் ஓடிவந்துவிட்டார்கள். அம்மாவும் சேர்ந்துகொண்டார். பிறகு வாசலில் இருந்த பெண்கள் எல்லோரும்.

'மூன்றாம் பிறை'யை இயக்கிய பாலு மகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். பள்ளிச் சுற்றுலாவில் போய் டேவிட் லீனின் படப்பிடிப்பை நேரில் பார்த்ததைப் பிற்காலத்தில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். 1957இல் வந்த அந்த 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்தின் பாலம் கட்டப்பட்டது கித்துல்கலையில். ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ் அந்த வழியாகத்தான் இறங்கும். இந்த நாட்டுக்காரர் ஒருவர் அந்த நாட்டு மலையில் ஒரு ரயில் நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, இந்த மலையிலிருந்து அங்கே ஏற்றி அனுப்பப்பட்டவர்கள் அவர் மனதில் வந்துபோனார்களா? தெரிந்துகொள்ள ஆசைதான். வந்திராவிட்டாலும் அம்மாயிக்கு அதனால் குறையில்லை.

அழுவதற்கு லயத்தில் வசதி கிடையாது என்பதை வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரே கூரை, நடுவில் சுவர். சில இடங்களில் சுவர் கூரையைத் தொடுவதுகூட இல்லை. ஒரு காம்பராவில் விம்மினால் அடுத்த காம்பராவில் என்ன, எதற்கு என்று கேட்பார்கள். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் அந்தப் பேச்சு உங்களுக்கு முன்னால் போய் நிற்கும். ஆகையால் பெண்கள் அழுகையைச் சேர்த்துவைப்பார்கள். சாவு வீட்டில் கொஞ்சம் இறக்குவார்கள். மாசி மாதம் காமன் கூத்தில் மீதி. சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரித்ததும் ரதி மண்ணில் புரண்டு ஒப்பாரி வைப்பாள். ரதி வேடம் கட்டியவர் நேற்றுவரை மலையில் கவ்வாத்து வெட்டியவர் என்று எல்லோருக்கும் தெரியும். சேலைக்குக் கீழே முட்டி தெரியும், குரலும் ஆண்குரல். அதனால் ஒரு பாதிப்பும் இல்லை. தப்புச் சத்தம் ஓய்ந்து அவர் புலம்பத் தொடங்கினால், புருஷனைப் பறிகொடுத்தவள், பிள்ளையைப் பறிகொடுத்தவள், கள்ளுத் தவறணையிலிருந்து தூக்கிவரப்படுகிற புருஷனைக் கட்டிக்கொண்டு மாரடிப்பவள் எல்லோரும் ரதிக்காக அழுவார்கள். யாரும் யாரிடமும் காரணம் கேட்கப்போவதில்லை. சினிமா வந்தபோது எங்கள் ஆட்களுக்கு அதை எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இனி 'ஓஷின்'.

இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், சுற்றி வளைத்துவிட்டேன். ஜப்பானின் என்எச்கே 1983இலும் 84இலும் நாள்தோறும் ஒளிபரப்பிய தொடர். பிறகு பல நாடுகளுக்குப் போனது. இங்கே ரூபவாஹினி அதைச் சிங்களத்தில் போட்டது. லயத்துக்கு மின்சாரம் வராத காலம். இஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்த ஒருவர் வீட்டில் மட்டும் கறுப்பு வெள்ளை டிவி. கார் பெட்டரியில் ஓடும். பெட்டரியை டவுனுக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றிவர வேண்டும். சார்ஜ் இறங்க இறங்கப் படம் நான்கு பக்கமும் சுருங்கிக்கொண்டே வரும். ஓஷின் நாளில் பெட்டரி தீர்ந்துவிடக்கூடாது என்பதற்காக மற்ற நாள்களில் செய்திகூடப் பார்க்கமாட்டார்கள்.

கதை வடக்கு ஜப்பானில், யமகத்தாவில், குத்தகை நிலத்தில் உழுகிற குடும்பம் ஒன்றில் தொடங்குகிறது. முள்ளங்கியைக் கலந்து சோற்றைப் பெருக்கித் தின்கிறவர்கள். ஏழு வயதுப் பெண்ணை ஒரு மர வியாபாரி வீட்டுக்குக் குழந்தை பார்க்க அனுப்புகிறார்கள். ஈடாக ஒரு மூட்டை அரிசி, அதையும் முன்கூட்டியே வாங்கியாகிவிட்டது. பனி கொட்டுகிறது. பிள்ளை தெப்பத்தில் உட்கார்ந்து ஆற்றோடு போகிறது. அப்பன் கரையில் ஓடுகிறான்.

எங்கள் அக்கா அப்போது கொழும்பில் இருந்தாள். ஆறாம் வகுப்போடு நிறுத்தி, தரகர் ஒருவரோடு பஸ் ஏற்றி அனுப்பினார்கள். மாதச் சம்பளம் அப்பாவின் கைக்கு வரும். எங்கள் வீடு மட்டும் என்றில்லை. அன்று அந்த டிவிக்கு முன்னால் இருந்த பெண்களில் கொழும்புக்குப் பிள்ளை அனுப்பாதவர்களைத் தேட வேண்டும். சிங்களம் நன்றாகத் தெரிந்த வாட்சர் ஒருவர் வழக்கம்போல ஒவ்வொரு வசனத்துக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று தெப்பம் நகர்ந்ததும் வாயை மூடிக்கொண்டார். எனக்கு நினைவிருப்பது அந்த அழுகைச் சத்தத்தைவிட, அடுத்த நாள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வேறு தொடர் என்றால் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் மறுநாள் முழுக்க அதே பேச்சாக இருக்கும்.

அக்கா சில வருடம் கழித்துத் திரும்பி வந்தாள். ஒருநாள் ஏதோ பேச்சில், தானும் ஓஷின் பார்த்ததாகச் சொன்னாள். கலர் டிவியில். சோபாவுக்குப் பின்னால், குசினிக் கதவோரம் நின்றபடி. வீட்டு எஜமானியான நோனாவுக்கு ஓஷின் என்றால் உயிர். அந்தத் தெப்பக் காட்சிக்கு நோனா விக்கி விக்கி அழுதாராம். பிள்ளைகள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். காட்சி முடிந்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டே அக்காவைப் பார்த்து, "போய் ஒரு தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வா" என்றாராம்.

"நீ அழவில்லையா?" என்று கேட்டேன்.

"நான் எங்கே பார்த்தேன்? தண்ணீர் கொதிக்க வைக்கப் போய்விட்டேன். வரும்போது விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது."

இந்தக் கதையை நான் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் அந்த நோனாவைத் திட்டுவார்கள். அக்கா திட்டவிடமாட்டாள். அவர் கைநீட்டி அடித்ததில்லை, பழைய சோறு போட்டதில்லை, காய்ச்சல் வந்தபோது டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறார் என்று பட்டியல் போடுவாள். எனக்குத் திகைப்பாக இருப்பதும் அதுதான். கல்நெஞ்சுக்காரி என்றால் கதை சுலபமாக முடிந்துவிடும். அவருக்கு வந்தது நல்ல, உண்மையான அழுகை. பனியில் கை விறைத்துக் கந்தை அலசுகிற பிள்ளைக்காக அவர் மனம் இளகியது. கதவோரம் நிற்கிற பிள்ளை தெரியவில்லை. அவள் தெரிந்தவள், தினமும் பார்க்கிறவள். எங்கள் அம்மா பரதேசியில் இலையைப் பார்த்ததற்கும் இதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அதிகம் இல்லை என்றே படுகிறது.

அம்மாவும் அந்தக் காட்சிக்கு அழுதவர். அடுத்த மாதம் அக்காவின் சம்பளத்தை வாங்கினார். வாங்காமல் என்ன செய்வது? எனக்கு ஓ.எல். பரீட்சைக்கு வெள்ளைச் சப்பாத்து வந்தது அதில்.

'அயோத்தி' 2023இல் வந்தபோது எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு டிவி இருந்தது. இருந்தும் அதை எல்லோரும் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வீட்டில் கூடித்தான் பார்த்தார்கள். இராமேஸ்வரத்துக்கு யாத்திரை வந்த வடநாட்டுக் குடும்பத்தில் தாய் விபத்தில் இறந்துவிடுகிறாள். தீபாவளி நேரத்தில், முன்பின் தெரியாத சசிகுமார் அந்த உடலை ஊருக்கு அனுப்பிவைக்க ஒவ்வொரு கந்தோராக ஓடுகிறார். இறுதியில் அவர் தன் பெயரைச் சொல்கிற இடம்தான் படத்தின் உச்சம், அப்துல் மாலிக். விமர்சனம் எழுதியவர்கள் அந்த ஒரு பெயருக்குப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். நல்ல இடம்தான். பெரியம்மா வீட்டில் அது ஏறக்குறைய கவனிக்கப்படாமலே போனது. அவர்களுக்குப் படம் முன்பே முடிந்துவிட்டது. பொலிஸ் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம், பெட்டி, விமானம் என்று ஒவ்வொன்றாக வரவர, "இனி அந்தத் தாள் கேட்பான் பார்", "இதற்குக் கையெழுத்து இல்லாமல் விடமாட்டான்" என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தார்கள். மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போன மகளைப் பெட்டியில் திரும்ப வாங்குவதற்காகக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் காத்துக் கிடந்த குடும்பம் அது. யார் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்றுகூடத் தெரியாமல் அலைந்தவர்கள். பெரியம்மா கடைசியில் அழுதார்தான். அழுகைக்கு நடுவே திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே விஷயம்: "இந்தத் தம்பி மாதிரி ஒருத்தன் நமக்கு இருக்கவில்லையே."

என் சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். நான் இலகுவில் அழுகிறவள் இல்லை. பாடசாலையில் படிப்பிக்கிறவர்களுக்கு வருகிற தோல் தடிப்பு. 2024இல் 'மெய்யழகன்' பார்த்துவிட்டு ஆசிரியர் ஓய்வறையில் எல்லோரும் உருகிக்கொண்டிருந்தார்கள். தஞ்சாவூரில் பரம்பரை வீட்டை இழந்து 1996இல் ஊரைவிட்டுப் போகிற குடும்பம். அந்தப் பையன் வீட்டை விட்டுப் பிரிகிற இடத்தில் ஒருவருக்கும் கண் நனையாமல் இல்லையாம். எனக்குப் பொறாமைதான் வந்தது. சொத்துத் தகராறில் வீடு போவதற்கு முதலில் ஒரு சொத்து இருந்தாக வேண்டுமே! நான் பிறந்த காம்பரா கம்பனியுடையது. அதற்கு முன்னால் அரசாங்கத்தினுடையது, அதற்கு முன்னால் வெள்ளைக்காரத் துரையினுடையது. நூறு வருடத்துக்கு மேல் எங்கள் ஆட்கள் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால்தான் அங்கே இருக்க முடியும் என்ற நிலையில் எத்தனை பிள்ளைகளின் படிப்பு நின்றது! இப்போது ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்று சிலருக்குக் கிடைத்திருக்கிறது. பலர் இன்னும் காத்திருக்கிறார்கள். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு அரவிந்த்சாமியின் வீட்டுக்காக என்னால் அழ முடியவில்லை. படத்தில் பின்னால் வருகிற பேச்சும் அந்த ஒன்றுமறியாத அன்பும் பிடித்திருந்தன. ஆனால் முதல் இருபது நிமிடத்தை ஒரு வெளிநாட்டுப் படம் போலத்தான் பார்த்தேன்.

அக்காவின் மகள் இப்போது ஏ.எல். எழுதப்போகிறாள். கொரியத் தொடர்கள்தான் அவள் உலகம். காதில் செருகிக்கொண்டு, போர்வைக்குள் கைப்பேசியை வைத்து, சத்தமில்லாமல் அழுகிறாள். லயத்துச் சுவருக்கு அவள் கண்டுபிடித்த வழி அது. என்னடி என்று கேட்டால், "கதை உங்களுக்குப் புரியாது" என்பாள். புரியாமல் என்ன, ஓஷினே எங்களுக்குப் புரிந்ததே என்று ஒருநாள் சொல்லப்போக, அவள் ஓஷினைத் தேடிப் பிடித்துவிட்டாள். போன பள்ளி விடுமுறையில் மூன்று பேரும் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினோம். எழுத்துகளை வாசித்து அவள் எங்களுக்குச் சொல்வாள். வாட்சரின் வேலை.

தொடக்கத்திலேயே அக்கா தடுமாறிப்போனாள். பனியையும் தெப்பத்தையும் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவளுக்கு முன்னால் பட்டு உடுத்த பணக்காரக் கிழவி ஒருத்தி வருகிறாள். குடும்பம் பெரிய கடைகளை நடத்துகிறது. பதினேழாவது கடையைத் திறக்கிற நாளில் கிழவி யாரிடமும் சொல்லாமல் எங்கோ புறப்பட்டுப் போய்விடுகிறாள்.

"இது யார்?" என்றாள் அக்கா.

"இதுதான் ஓஷின், அம்மா. வயதான பிறகு. இனித்தான் சின்ன வயதுக் கதையைச் சொல்லப்போகிறார்கள்."

அக்காவுக்கு இந்தச் செய்தி தெரிந்திருக்கவேயில்லை. இத்தனை வருடமும் ஓஷின் அவளுக்குப் பனிக்குள் நின்ற பிள்ளை. முதலாளியானதை யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "அப்படியென்றால் இவள் வீட்டில் தேத்தண்ணீர் ஊற்றுவது யார்?"

மகள் சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை; தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.